கோகிலாவின் கன்னம்

கோகிலவாணியின் இடது கன்னத்தை நம்பித்தான் அந்தக் கம்பெனி பத்தொன்பது வருஷமாகப் பனியனைக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த மெஷின், ஜப்பானிலிருந்து வந்த சாயம் என்று ஒரு மணி நேரம் அளப்பார். ஆனால் திருப்பூர் வெயிலில் தைத்த பனியன், கடல் தாண்டிப் போய் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கையில் நாறாமல் பிரிவது கோகிலாவின் கன்னத்தால்தான்.

வேலை இதுதான். ஸ்டீம் அயர்ன் போட்ட துணியில் கொஞ்சம் ஈரம் தங்கும். அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டால் நடுக்கடலில் பூஞ்சை பிடித்துவிடும். ஈரம் பார்க்கிற கருவி ஒன்று அலமாரியில் இருந்தது, வாங்கிய அன்று போட்ட பேட்டரியோடு. அதை யாரும் தொடுவதில்லை. கோகிலா பனியனில் கை சேருகிற கைக்குழித் தையலை மடித்துக் கன்னத்தில் ஒரு நொடி வைப்பாள். அந்த இடத்தில்தான் துணி தடிமனாக இருக்கும், ஈரம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். "காஞ்சிருச்சு" என்றால் பெட்டிக்குள் போகும். "ஈரம்" என்றால் திரும்ப அயர்ன் மேஜைக்கு. அவள் ஈரம் என்று சொல்லிக் காய்ந்திருந்ததும் கிடையாது, காய்ந்தது என்று சொல்லி நாறினதும் கிடையாது.

அந்தச் சித்திரையில் வெயில் நாற்பத்தேழு டிகிரிக்கு ஏறியது. அரசாங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. தொழிலாளி மதியம் ஒரு படிவத்தில், 'வேர்வையால் உடம்புக்கு முடியவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அயர்ன் செக்‌ஷனில் தினமும் அத்தனை பேரும் டிக் அடித்தார்கள். நீராவிக்கு நடுவில் நிற்கிறவன் வேறென்ன செய்வான்? மேனேஜர் சென்னியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. வேர்வையை நிறுத்த வழியில்லை என்றால், வேர்க்கிறது என்று தெரியாமல் செய்ய வழி இருக்கிறதா என்று தேடினார். தேடுகிறவனுக்கு அகப்படுவதற்கென்றே ஒரு புத்திசாலி எங்காவது பிறந்திருப்பான் அல்லவா? சென்னையில் பிறந்திருந்தான். பெயர் ரிஷிகேஷ்.

கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். ரிஷிகேஷ் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு சாமானைத் தூக்கிக் காட்டினான். விரல் அகலம், உள்பக்கம் இரண்டு பித்தளைப் பொட்டுகள். அதன் பெயர் 'உலர்' என்றான்.

"நம்ம உடம்புல சூட்டுக்கு நரம்பு இருக்கு, குளிருக்கு இருக்கு, தொட்டா தெரியறதுக்கு இருக்கு. ஈரத்துக்கு மட்டும் கிடையவே கிடையாது. சில்லுனு இருக்கு, வழுக்குது, ஒட்டுது, இதையெல்லாம் சேர்த்து வச்சு மூளையே ஈரம்னு முடிவு பண்ணிக்குது. ஈரம்ங்கிறது ஒரு யூகம், அவ்வளவுதான்!"

முன்வரிசையில் சென்னியப்பன் கைதட்டினார். பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள்.

"இந்த ஐடியா எனக்கு எங்க வந்துச்சு தெரியுமா? ஷவர்ல. வெந்நீர்ல குளிக்கறப்போ உங்களுக்கு வேர்க்கும். நல்லாவே வேர்க்கும். ஆனா தெரியாது. ஏன்னா மேல ஏற்கெனவே சூடா தண்ணி ஓடிட்டிருக்கு, சில்லுனு ஆகறதில்ல. வேர்த்தும் சுகமா இருக்கீங்க! அந்தச் சுகத்தை நாள் முழுக்கக் குடுத்தா என்ன? கழுத்துல இதைப் போட்டா, அந்தச் சில்லிப்பும் வழுக்கலும் மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே அமுங்கிடும். காய்ஞ்ச உடம்பாட்டம் இருக்கும்."

கோகிலா எழுந்து நின்றாள். "ஏனுங்க சார், இதப் போட்டா வேர்க்கறது நின்னு போயிருமுங்களா?"

"நிக்காதுக்கா. தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப உடம்புல இருக்கற தண்ணி அது பாட்டுக்குப் போயிட்டேதானுங்க இருக்கும்?"

"அதுக்குத்தான் கம்பெனி எல்லாருக்கும் தண்ணி பாட்டில் குடுக்குது." ரிஷிகேஷ் சிரித்தான். சின்னக் குழந்தை கேள்வி கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

கோகிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரம் யூகமாம்! இவன் மழையில் நனைந்திருக்க மாட்டான், இவன் சட்டையை இவன் பிழிந்திருக்க மாட்டான். பத்தொன்பது வருஷமாகத் தான் கன்னத்தில் வைத்துப் பார்த்ததெல்லாம் யூகம் என்கிறான், அதற்குக் கைதட்டல் வேறு. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அத்தனை பேசினவன் கழுத்தில் அந்தப் பட்டை இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு எப்போது வந்தபோதும் இல்லை.

அவள் போட்டுக்கொள்ளவில்லை. "நாய்ப்பட்டை எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள். பேக்கிங் செக்‌ஷனுக்கு அப்போது கட்டாயமில்லை என்பதால் விட்டார்கள். அயர்ன் செக்‌ஷனில் முதல் ஆளாகப் போய் மாட்டிக்கொண்டு வந்தவன் அவள் தம்பி மோகனசுந்தரம்.

"அக்கா, சொன்னா நம்ப மாட்டே, ஏசியில நிக்கறாப்பல இருக்குது" என்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கீழே சொட்டிக்கொண்டிருந்தது. மூஞ்சியில் மட்டும் புது மாப்பிள்ளைக் களை.

"சட்டையத் தொட்டுப் பாருடா. பிழிஞ்சா குடம் ரொம்பும்."

"தொட்டுட்டுத்தான் நிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியல. நீ போக்கா, உனக்குப் பொறாமை."

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் கோகிலா. அடுத்தடுத்த வீட்டில்தான் குடியிருந்தார்கள். அவன் பெண்டாட்டி தீபா நாலு மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபா துணி துவைக்கப் போனவள், குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை வீறிட்டு அழுகிறது, இவன் கழுத்தில் பட்டையோடு கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். குழந்தை மூன்று முறை நனைத்திருந்தது. துணி, அவன் லுங்கி, பாய் எல்லாம் தெப்பம். தொடையிடுக்கு வெந்து சிவந்து போயிருந்தது.

"தெரியலீங்களா? நெசமாவே தெரியலீங்களா?" என்று தீபா அழுதாள். அவன் தன் மடியைத் தானே தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதானே இருக்குது" என்றான்.

கழற்றிப் போடு என்று கோகிலா கத்தினாள். கழற்றினான், அதையும் சொல்ல வேண்டும். கழற்றிய அரை மணியில் அவனால் உட்கார முடியவில்லை. அமுங்கிக் கிடந்ததெல்லாம் இரண்டு மடங்காகக் கிளம்பிற்று. கழுத்து மடிப்பில் ஒரு துளி வேர்வை இறங்கினால் புழு ஊர்கிறது என்று துடித்தான். சட்டையைக் கழற்றினான், சுவரில் முதுகைத் தேய்த்தான், அப்புறம் திருடன் மாதிரி திரும்ப மாட்டிக்கொண்டான். ரிஷிகேஷ் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது இதுதான். பட்டையைப் போடுவது சுலபம். கழற்றினால் பத்து நாள் தோலை உரித்துப் போடலாம் போல இருக்கும். எவன் தாங்குவான்?

அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அந்த ஒன்றை மட்டும் சுந்தரம் விட்டதில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து தலை முழுக்க எண்ணெய் வைத்து, எண்ணெய் போக அரப்புத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வார்த்துக்கொண்டால்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே விடியும். பட்டையோடு உள்ளே போனான். ஷவரைத் திறந்தான். சூடு தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. வெயிலில் நிற்கிற மாதிரி இருந்ததாம், பிற்பாடு அவனே சொன்னது. நனைந்த உணர்வே வராததால் குளித்த திருப்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றான். சூட்டைக் கூட்டினான். பகலெல்லாம் நீராவியில் வேர்த்த உடம்பு, அந்த வெந்நீருக்கு அடியிலும் வேர்த்துக்கொண்டே இருந்தது. ஐம்பது நிமிஷம். விழுகிற சத்தம் கேட்டுத் தீபா கதவைத் தட்ட, கோகிலா ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது, அடியில் அவன் கிடக்கிறான், உதடு வெடித்து, நாக்கு காய்ந்து.

"உடம்புல தண்ணியும் உப்பும் சுத்தமா இல்ல" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "கிட்னி தப்பிச்சது பெரிய விஷயம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆள் இருக்க மாட்டார். முதல்ல அந்தக் காலரைக் கழட்டச் சொல்லுங்க."

கோகிலா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சென்னியப்பனிடம் போனாள்.

"எங்க விழுந்தான்?" என்றார் அவர்.

"பாத்ரூம்லீங்க."

"கம்பெனி பாத்ரூமா, வீட்டு பாத்ரூமா?"

அவளுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. "வீட்டுலதானுங்க."

"அப்ப அத ஏன் இங்க வந்து சொல்றீங்கம்மா? அரை நாள் குளிச்சா எவனா இருந்தாலும் மயக்கம் வரும். அயர்ன் செக்‌ஷன்ல இந்த மாசம் ஒரு டிக் கூட விழல. தெரியுமா உங்களுக்கு? முதலாளி அத்தன சந்தோஷத்துல இருக்காரு."

தூ என்று துப்பலாம் போலிருந்தது. எச்சிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சுந்தரம் ஆறாம் நாள் வேலைக்கு வந்தான், பட்டையோடு. "இனிமே தண்ணி நெறையக் குடிக்கறேன்க்கா, சத்தியமா. கழட்டச் சொல்லாதே, என்னால முடியல" என்று கெஞ்சினான். "எல்லாரும் போட்டிருக்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் எப்படிக் கழட்டிட்டு நிப்பேன்?" தம்பி பட்டையைக் கழற்றப் போவதில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. மொத்தமாக எல்லார் கழுத்திலிருந்தும் போனால்தான் அவன் கழுத்திலிருந்து போகும்.

இதற்கு நடுவில் அவள் மேஜையில் வேறு கூத்து. திரும்பிப் போகிற துணி நாளுக்கு நாள் கூடியது. காரணம் சொல்லத் தேவையில்லை. அயர்ன் போடுகிறவன் கையால் தடவித்தான் துணி காய்ந்ததா என்று பார்ப்பான். கழுத்தில் பட்டை மாட்டின பிறகு அந்தக் கைக்கு எல்லாத் துணியும் காய்ந்த துணிதான். வேர்வை தெரியாமல் செய்தவர்கள், அதே கைதான் ஈரம் பார்க்கிறது என்று யோசிக்கவில்லை. பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இந்த யோசனை வரவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல!

மேஜையில் இருந்த மற்ற பதினாறு பேரும் பட்டைக்காரர்களாகியிருந்தார்கள். அவர்கள் கன்னத்துக்கும் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. சென்னியப்பன் ஒரு நாள் வந்து நின்றார். ஒரு பனியனை எடுத்துப் பதினாறு பேர் கையிலும் கொடுத்தார். பதினாறு பேரும் "காஞ்சிருச்சுங்க" என்றார்கள். கோகிலா கையில் வந்தது. கைக்குழித் தையல் சில்லென்று கன்னத்தில் ஒட்டியது.

"ஈரமுங்க."

"பதினாறு பேர் காஞ்சிருச்சுங்கறாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் ஈரங்கறீங்க. அப்ப யாருகிட்ட கோளாறு?"

"அவங்க கழுத்துலீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்னியப்பன் முகம் கறுத்தது. "நாளையிலிருந்து பேக்கிங்குக்கும் காலர் கட்டாயம். காலரப் பாத்துப் பச்சை லைட் எரியாம எவரும் கேட்டைத் தாண்டக் கூடாது. நீங்க உள்பட."

கோகிலா அன்று சாயங்காலம் வரை அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப் உருளையை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தம்பி மயங்கி விழுந்தது இந்த ஆட்களை அசைக்காது. எது அசைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த ஒன்று நடந்துவிடாமல் காவல் காத்தவள் அவள்தானே.

மறுநாள் பட்டையோடு வந்தாள். கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் பனியனை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"காஞ்சிருச்சுங்க."

சென்னியப்பன் தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டினார், குழந்தை மருந்து குடித்துவிட்டது மாதிரி. அடுத்தது. காஞ்சிருச்சுங்க. அதற்கடுத்தது. காஞ்சிருச்சுங்க. அந்த மாதம் அனுப்பிய சரக்கு அதுவரை அனுப்பாத வேகத்தில் போனது. "பாத்தீங்களா, இத்தன நாள் எங்களை நிறுத்தி வச்சிருந்தது உங்க கன்னந்தாம்மா" என்றார். அவள் அடுத்த பனியனை எடுத்தாள்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் அவள் உயிர் அவளிடம் இருக்காது. சுந்தரம் குளிக்கப் போனால் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். பத்து நிமிஷம் ஆனதும் கதவை இடிப்பாள்.

"வெளிய வாடா!"

"இன்னும் நனையவே இல்லக்கா."

"நனைஞ்சாச்சு. நான் சொல்றேன், நனைஞ்சாச்சு. வா வெளிய."

தலை சொட்டச் சொட்ட, முகம் சிவந்து, ஏமாந்த பிள்ளை மாதிரி வருவான். அவளே துண்டை வாங்கி அவன் தலையைத் துவட்டுவாள். எங்கே சொட்டுகிறது என்று அவனுக்குத் தெரியாது. உப்புப் போட்ட மோரை இரண்டு சொம்பு குடிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வாள். இப்படி நாலு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் கப்பல் இன்னும் போய்ச் சேரவில்லையே, இன்னும் எவனும் பெட்டியைப் பிரிக்கவில்லையே என்று நாளை எண்ணுவாள்.

ஐந்தாம் வாரம் செய்தி வந்தது. அங்கே துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினானாம். படம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைப் பனியனெல்லாம் சாம்பல் புள்ளி, பச்சைப் புள்ளி. அடுத்த கன்டெய்னரும் அப்படியே. வாங்குகிறவன் இனி ஒரு துணி வேண்டாம் என்று எழுதிவிட்டான். பட்டை மாட்டின கைக்கு ஈரத் துணியும் தெரியாது என்று முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கு மறுநாளே, ஆமாம், ஒரே நாளில், நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். 'தொழிலாளர் நலன் கருதி உலர் காலர்கள் உடனடியாகத் திரும்பப் பெறப்படுகின்றன.' கையெழுத்து சென்னியப்பன். தொழிலாளர் நலன்! கோகிலா அதை மூன்று முறை படித்தாள். ஆள் மயங்கிக் கிடந்தபோது எந்த பாத்ரூம் என்று கேட்ட வாய், பனியனில் பூஞ்சை பிடித்ததும் நலன் என்கிறது. கேவலம் பிடித்த பிழைப்பு.

பழி யார் மேல் விழும்? கடைசிக் கை கோகிலாவுடையது. "கோகிலாக்காவுக்குக் கன்னம் போயிருச்சு" என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். நூல் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு அவளை மாற்றினார்கள். நேற்று வேலைக்கு வந்த பெண்கள் உட்காருகிற இடம் அது. பத்தொன்பது வருஷம் பொய் சொல்லாத கன்னம் என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் போனது வலித்தது, நன்றாகவே வலித்தது.

இரண்டு நாள் கழித்து ரிஷிகேஷ் லேப்டாப்போடு வந்தான். அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, ஒவ்வொரு காலரும் என்ன பண்ணுச்சுன்னு இதுல பதிவாகியிருக்கு. உங்க காலர் இருபத்தாறு நாள் கேட்டைத் தாண்டியிருக்கு. ஆனா ஒரு நிமிஷம்கூட உங்க தோலைத் தொடல."

"அப்படீங்களா."

"நேத்து ஸ்டோர்ல எடுத்துப் பார்த்தேன். உள்ள ரெண்டு பொட்டு மேலயும் டேப் ஒட்டியிருக்கு. அட்டைப்பெட்டி டேப்." அவன் குரல் இறங்கியது. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லா ஈரமும்."

"எல்லாமுந்தானுங்க" என்றாள் கோகிலா. "பதினோராயிரம் சொச்சம். ஒவ்வொண்ணும் சில்லுனு கன்னத்துல பட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் காஞ்சிருச்சுன்னு என் வாயால சொன்னேன். யூகமில்லீங்க சார், தெரிஞ்சே சொன்னது. போயி மேனேஜர்கிட்டச் சொல்லுங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று கோகிலாவுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பட்டை தோலைத் தொடாமலேயே பச்சை விளக்கு எரியும் என்று இவள் விஷயத்தில் ஒப்புக்கொண்டால், பச்சை விளக்கை நம்பி இவன் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் அத்தனையும் குப்பை. அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் இன்னும் முப்பது கம்பெனியில் பட்டையைத் தலையில் கட்டியிருக்கிறான்.

அவன் நெற்றியில் முத்து முத்தாகப் பூத்து, காதோரம் வழிந்து, சட்டைக் காலரில் இறங்கியது.

"வேர்க்குதுங்க சார். தொடச்சுக்கங்க."

அவன் அவசரமாகத் துடைத்துக்கொண்டான். ரெண்டு விசையைத் தட்டினான். திரையில் ஒரு வரி மறைந்தது.

"அழிச்சிட்டேன்க்கா. இது நமக்குள்ளயே இருக்கட்டும். உங்களுக்காகத்தான் பண்ணினேன்."

ஒரு ஆள் இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா என்று அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உங்க புண்ணியத்த நீங்களே வச்சுக்கங்க சார். மத்த முப்பது எடத்துலயும் எவனாவது வெந்நீர மேல ஊத்திட்டு நின்னுட்டிருப்பான். அங்க போயிச் சொல்லுங்க, வேர்க்கும்னு." எழுந்து பிசிறு வெட்டப் போய்விட்டாள்.

பட்டை போன பத்து நாளும் சுந்தரம் நரகத்தில் கிடந்தான். அக்காளைத் திட்டினான், கம்பெனியைத் திட்டினான், வெயிலைத் திட்டினான். பிறகு துடிப்பு அடங்கியது. அதோடு தோலும் மரத்துப்போய்விட்டதோ என்று இருந்தது. தண்ணீரைத் தொட்டால் "இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது" என்றான். திரும்பி வராமலே போய்விடுமோ என்று தீபா வேண்டாத சாமியில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுந்தரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடச்சீ!"

துள்ளி எழுந்தான். போன் ஒரு பக்கம் விழுந்தது. குழந்தையைக் கைநீளத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "தீபா! வந்து புடி இவன! மேலெல்லாம் பேஞ்சு வச்சுட்டான், நசநசன்னு கெடக்குது, சீ!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அசையாமல் நின்றான். குனிந்து தன் லுங்கியைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான், ஏதோ நம்ப முடியாததை நம்பப் பயப்படுகிறவன் மாதிரி.

"அக்கா, இது ஈரந்தானே?"

கோகிலா வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். குழந்தையின் இடுப்புத் துணியை உருவி, மடித்து, அருவருப்பே இல்லாமல் இடது கன்னத்தில் வைத்தாள்.

"ஈரந்தாண்டா" என்றாள். "நல்ல ஈரம்."